இரும்பு ஆகாத மரம்

"நான் வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டவள், திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னாள். "பார்க்கலாம். தொட வேண்டாம்."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே" என்றான் கிட்டார்க்காரன்.

"சின்னப் பிள்ளைன்னா ஒரு தடவை சொன்னாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

அவனும் கிட்டார் செய்கிறவன், அவளும் கிட்டார் செய்கிறவள். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிய பிறகு நடந்த கல்யாணம். வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையை நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதி அவனுடையது. ரம்பம், சாணை, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புகள், ஒரு மூலையில் அவன் உயிரையே வைத்திருக்கும் ரோஸ்வுட் பலகைகள். பின்பாதி அவளுடையது. அங்கே எங்கே திரும்பினாலும் ஓக்தான். கதவுக்கும் மேஜைக்கும் பீப்பாய்க்கும் ஆகிற மரத்தில் ஒருத்தி கிட்டார் செய்கிறாளே என்று தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாம் கேலி பேசினார்கள். நம்ம ஆளும் பேசியவன்தான். கல்யாணத்துக்குப் பிறகு கேலியைச் சுருக்கி, "ஓக் மகாராணி" என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒன்றைச் சொல்லியிருந்தாள். அதுவரை அவள் தன் அண்ணன் பட்டறையில் வேலை பார்த்தவள். அவள் ஒரு கிட்டாரை முடித்து வைத்துவிட்டுப் போனால், அவள் தலை மறைந்ததும் அண்ணன் அதை எடுத்து இங்கே கொஞ்சம் சீவுவான், அங்கே கொஞ்சம் தேய்ப்பான். வாங்க வருகிறவர்களிடம், "தங்கச்சி செஞ்சது, ஆனா கடைசியில நான் ஒரு கை பார்த்துட்டேன்" என்பான். வருஷக்கணக்கில் இதைப் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அண்ணனோடு அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

"என்னைக் கேக்காம என் வேலையில கை வைக்கக் கூடாது. அது ஒண்ணுதான். அதுக்கு மேல என்ன வேணா சண்டை போடுங்க. இதைச் செஞ்சீங்கன்னா மட்டும் நான் பெட்டியைக் கட்டிடுவேன்" என்று இவனிடம் சொன்னாள்.

கல்யாண ஜோரில் இருந்த மனுஷன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான்.

இப்போது அவள் மேஜையில் அந்தக் கிட்டார் படுத்திருந்தது. முன்பக்கம் வழக்கமான ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் பக்கப் பலகைகளும் ஓக். வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை. வெறும் மரமாகவே கம்பிகளை மாட்டி, வாசித்துப் பார்க்கத் தயாராக வைத்திருந்தாள். வாங்கப் போகிறவள் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற பாட்டுக்காரி. அவளுடைய பழைய ரோஸ்வுட் கிட்டாரை விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, வெட்டத் தடையுள்ள இந்த மரத்துக்குக் காகிதம் எங்கே, அனுமதி எங்கே என்று குடைந்து எடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கச்சேரியே போயிற்று. காகிதம் கேட்காத மரத்தில் ஒன்று செய்துகொடுங்கள் என்று வந்தவளிடம் இவன் மனைவி ஓக்கைக் காட்டினாள். பாட்டுக்காரிக்கு அரை மனசுதான். "செஞ்சு வையுங்க, வாசிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டாள். இன்றைக்கு வருகிறாள், அவளை அழைத்து வரத்தான் மனைவி போயிருக்கிறாள். ஓக்கை நம்பி இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள் அவள்தான். மனைவி காலையிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கிட்டார்க்காரன் தன் பக்கத்தில் உட்கார்ந்து உளி தீட்டினான். பிறகு எழுந்து தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். பார்க்கலாம் என்றுதானே சொன்னாள்? பார்த்தான். கிட்டாரைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தான். ஓக்கின் குறுக்கே வெள்ளி ரேகைகள் ஓடின. நடுவில் இரண்டு பலகைகள் சேரும் இடம் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முந்தாநாள் அவள் கம்பி மாட்டி முதல் தடவை தட்டியபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இவன் இழைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டான். தன் ரோஸ்வுட் இப்படிப் பேசியதில்லை என்று தோன்றிவிட்டது. "எப்படி இருக்கு?" என்று அவள் ஆசையாகக் கேட்டதற்கு, "பரவாயில்லையே" என்று மட்டும் சொல்லி வைத்தான். பொறாமை என்று சொன்னால் முழுசாகச் சரியில்லை. நாளைக்கு நாலு பேர் இந்தக் கிட்டாரைப் புகழும்போது அதில் தன் கை துளியாவது இருக்க வேண்டும் என்கிற அரிப்பு.

முதுகைக் கட்டை விரலால் தடவினான். ஒரு மூலையில் லேசாகச் சொரசொரப்பு. வார்னிஷுக்கு முன்னால் அவளே தேய்த்திருப்பாள், அதற்கென்று தனி உப்புத்தாள் வைத்திருக்கிறாள். அவள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம் மனுஷன். போனானா? தன் பக்கம் போய் இரும்புப் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தான். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரையே தலைமயிரை விட மெல்லிசாக இழுத்தது போல இருக்கும். ரோஸ்வுட்டைக் கடைசியாக மெருகேற்ற அதைவிட நல்ல சாமான் கிடையாது. இருபது வருஷமாக அவன் கை அதைத்தான் தேடும். சுகமாக, வட்டம் வட்டமாக முதுகு முழுவதையும் தேய்த்தான். பட்டு மாதிரி வந்தது. தூசியை எடுக்க ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத் தள்ளி நின்று ரசித்தான்.

ரசித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒரு சாம்பல் நிழல் தெரிந்தது. ஜன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. நிழல் நீலமாயிற்று. அப்புறம் கறுப்பு. அவன் கை வட்டம் போட்ட வழியெல்லாம், மரத்தின் நுண்துளைகளுக்குள் சிக்கியிருந்த இரும்புத் துணுக்குகள் ஒவ்வொன்றாக மை கக்கின.

அப்போதுதான் அவள் எப்போதோ சொன்னது மண்டையில் உறைத்தது. "ஓக்ல துவர்ப்பு ஜாஸ்திங்க. இரும்பும் ஈரமும் சேர்ந்து பட்டா கறுத்துடும். வாழைக்காயை இரும்புக் கத்தியில நறுக்குனா கறுக்கும்ல, அந்த மாதிரி." அதனால்தான் அவள் பக்கத்தில் ஈரம் படுகிற வேலைக்கு இரும்பே கிடையாது. கிளாம்புகூட மரக் கிளாம்பு. ரோஸ்வுட்டோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற சமாசாரம்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அட பாவி, அட பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டான். போன் மேஜை மேலேயே கிடந்தது. எடுத்து, "இப்படி ஆயிடுச்சும்மா, என்ன செய்யட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். போனை எடுக்கவும் எடுத்தான். அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கட்டிடுவேன் என்றது ஞாபகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

கறையை எடுக்க வழி இருக்கிறது. துருக்கறைக்குப் போடும் அமிலப் பவுடர் வீட்டில் ஒரு டப்பா கிடந்தது. வெந்நீரில் கரைத்துக்கொண்டு ஓடி வந்து முதுகில் தடவினான். கறுப்பு கண் முன்னாலேயே கரைந்தது. கடவுளே, பிழைத்தேன் என்று நினைத்தான். ஆனால் கறுப்பு போன இடம் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. சரி, முழுசாகவே வெளுக்க வைத்துவிடுவோம் என்று முதுகு மொத்தத்துக்கும் தடவினான். தண்ணீர் விட்டுக் கழுவினான். இப்போது முதுகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அவள் எந்த நிமிஷமும் வந்துவிடுவாள். படுக்கையறையிலிருந்து அவளுடைய ஹேர் டிரையரையே தூக்கிக்கொண்டு வந்தான். சூட்டை ஏற்றிப் பிடித்தான்.

ஒரு கண் வாசலில், ஒரு கண் முதுகில். நெற்றி வேர்வை மரத்தில் சொட்டிவிடக் கூடாதே என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். மரம் காயக் காய நிறம் ஒரே சீராக வந்தது. நிஜமாகவே யாருக்கும் தெரியாது என்று தோன்றிய நேரம்.

'டக்.'

சத்தம் ரொம்பச் சின்னது. அவன் டிரையரை அணைத்தான். குனிந்து பார்த்தான். நடு இணைப்பில், கீழ்ப்பாதியில், முடி அளவுக்கு ஒரு கோடு. நனைந்து உப்பின மரத்தைச் சூட்டில் சடாரென்று சுருங்க வைத்தால் எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். விரலால் அழுத்தினால் மூடியது. விட்டால் திறந்தது.

வெளியே கேட் சத்தம் கேட்டது.

கிட்டாரை நிமிர்த்தி, முதுகு சுவரைப் பார்க்கும்படி ஸ்டாண்டில் வைத்தான். டிரையரைத் தன் மேஜைக்கு அடியில் எறிந்தான். டப்பாவைக் காலால் தள்ளினான். அவர்கள் உள்ளே வந்தபோது, தன் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்கனவே தீட்டிய உளியை மறுபடியும் தீட்டிக்கொண்டிருந்தான்.

பாட்டுக்காரி நல்ல உயரம். வந்ததும் வராததுமாக, "எங்கே நம்ம மேஜை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க. எங்க குழுவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வாசிக்கப் போறியா, சாப்பாடு வைக்கப் போறியான்னு."

"வாசிங்க. அப்புறம் சாப்பாடு வைக்கலாமான்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. குரல் தைரியமாக இருந்தது. விரல்கள் மட்டும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தன.

கிட்டாரை எடுத்து அவளிடம் கொடுக்கும்போது மனைவி ஒரு கணம் நின்றாள். "முதுகு ஏன் வெளுத்த மாதிரி இருக்கு?"

"ஜன்னல் வெளிச்சம்" என்றான் அவன். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

பாட்டுக்காரி வாசித்தாள். முதலில் விரலால் சும்மா கோதினாள். அப்புறம் ஒரு பாட்டை மெதுவாக எடுத்தாள். அவள் புருவம் ஏறியது. கீழ்ச் சுரங்கள் கனமாக விழுந்தன, மேல் சுரங்கள் ஒன்றை ஒன்று மிதிக்காமல் தனித்தனியாக நின்றன. "அடேயப்பா" என்று முணுமுணுத்தாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து கிட்டார்க்காரனுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படியே முடிந்துவிடட்டும், இப்படியே முடிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

பாட்டுக்காரி பலமாக அடித்தாள். அடிக்கம்பியோடு சேர்ந்து உள்ளே ஏதோ 'ஜிர்ர்' என்றது.

அவள் நிறுத்தினாள். மறுபடி அடித்தாள். மறுபடி 'ஜிர்ர்'. மனைவி கண்ணைத் திறந்தாள். கிட்டாரை வாங்கித் திருப்பினாள், வெளிச்சத்துக்குச் சாய்த்தாள், விரல் நுனியால் நடு இணைப்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். விரல் நின்ற இடத்தை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"விரிஞ்சிருக்கு" என்றாள் பாட்டுக்காரி. "ஓக் இப்படித்தான் விரியுமா?"

"விரியாதே" என்றாள் மனைவி. "இது காலையில இல்லை. காலையில பார்த்தேனே." திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "காலையில இல்லைதானேங்க?"

சொல்லிவிட வேண்டிய இடம் இதுதான். அவனுக்கும் தெரியும். "மரம்தானே" என்றான். "சில நேரம் அப்படித்தான். இன்னும் கொஞ்ச நாள் காய விட்டிருக்கணுமோ என்னவோ."

சண்டாளன். செய்ததையும் செய்துவிட்டு, பழியைத் தூக்கி மரத்தின் மேல் போட்டான்.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கிட்டாரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். "ஏழு வருஷம் காய்ஞ்ச பலகைங்க இது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "நான்தான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். இதுவே வார்னிஷ்கூட அடிக்கறதுக்குள்ள விரியுதுன்னா..." கோட்டின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "எல்லாரும் சொன்னது சரிதான் போல" என்றாள்.

பாட்டுக்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. "பரவாயில்லைங்க, முயற்சி பண்ணீங்க. சத்தம் என்னவோ அருமையாத்தான் இருந்துச்சு. ஆனா இதை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா நான் எப்படிப் போறது? வழியில விரிஞ்சா?" என்றபடி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இல்லைங்க, நீங்க சொல்றது நியாயம்" என்றாள் மனைவி. எழுந்து பின்சுவரில் அடுக்கியிருந்த ஓக் பலகைகளைப் பார்த்தாள். தான் வாங்கிச் சேர்த்ததெல்லாம். "இதை எல்லாம் யாராவது கதவு செய்யறவங்களுக்குக் கொடுத்துடலாம்ங்க" என்று அவனிடம் சொன்னாள். கோபமே இல்லாத குரல். அதுதான் அவனை உலுக்கிவிட்டது. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான்.

இப்போது சும்மா இருந்தால் அவள் தன்னை விட்டுப் போகமாட்டாள் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆறுதலுக்கு இவன் தோளில்தான் சாய்வாள். நாளைக்கு இவன் பக்கத்துக்கே வந்து ரோஸ்வுட் இழைப்பாள். இந்தப் பின்பாதி காலியாகும். அவள் காலம் முழுக்கத் தன் காதையும் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள், இவன் காலம் முழுக்க அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். பாட்டுக்காரி வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மரம் விரியலை" என்றான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"மரம் விரியலை. நான்தான் விரிய வச்சேன்." சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் குளறிக்கொண்டு வந்தது. இரும்புப் பஞ்சு, ஈரத்துணி, கறுப்பு, பவுடர், ஹேர் டிரையர். நம்பமாட்டார்களோ என்று பயந்தவன் போல மேஜைக்கு அடியில் புகுந்து டிரையரை வேறு எடுத்து வந்து காட்டினான்.

மனைவி அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிட்டாரின் முதுகை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "அமிலம்" என்றாள். இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு, அந்த நிலைமையிலும் சிரித்தாள். "ஐயோ, மரம் விரியலைங்க!" என்று பாட்டுக்காரியைப் பார்த்துச் சொன்னாள். "குளிப்பாட்டி, அனல்ல வாட்டி, அப்புறமும் இந்த ஒரு இடம்தான் விட்டுக்கொடுத்திருக்கு. பார்த்தீங்களா?" கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவே இல்லை.

பாட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். "ஒட்டினா சத்தம் மாறுமா?"

"மாறாது. ஈரம் பழையபடி சமமாயிட்டா அதுவே பாதி மூடிக்கும். உள்பக்கம் ரெண்டு சின்னக் கட்டை வச்சு ஒட்டிடுவேன்."

"அப்போ ஒட்டிட்டுச் சொல்லியனுப்புங்க. மறுபடி வர்றேன்." வாசலில் நின்று கிட்டார்க்காரனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வர்ற அன்னைக்கு மட்டும் இவரை எங்கேயாவது வெளியூர் அனுப்பி வைங்க." அவள் போன பிறகு கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

மனைவியின் சிரிப்பு அத்தோடு போயிற்று. மரம் மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளட்டும் என்று கிட்டாரை ஈரத்துணியோடு ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள். மத்தியானம் முழுவதும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சமையலறைக்கும் பட்டறைக்கும் நடந்தான். அவள் துணிகள் அலமாரியில்தான் இருக்கின்றனவா என்று வெட்கத்தை விட்டு ஒரு தடவை திறந்தும் பார்த்தான். அவள் துணிப்பெட்டியும் அலமாரி மேலே, வைத்த இடத்திலேயே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், "இங்க வாங்க" என்று குரல் வந்தது.

கோடு கிட்டத்தட்ட மூடியிருந்தது. அவள் அதற்குள் பசையைச் செலுத்தி முடித்திருந்தாள். மரக் கிளாம்புகளில் எதுவும் அந்த வளைவுக்குப் பொருந்தவில்லை. "என் பக்கத்துல பெரிய கிளாம்ப்..." என்று ஆரம்பித்தவன் அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அவள் அவனை உட்கார வைத்து, கிட்டாரை அவன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து இரண்டு பக்கத்திலும் வைத்தாள்.

"அழுத்திப் பிடிங்க. இறுகற வரைக்கும் விடக் கூடாது."

அவன் பிடித்துக்கொண்டான். அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை வலிக்க ஆரம்பித்தது. மூக்கு நமைத்தது. எழுந்து போக வழியில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இடமில்லை.

"தொட்டது கூட எனக்குப் பெரிசில்லை" என்றாள். "கறையை நானே ஒரு நிமிஷத்துல எடுத்திருப்பேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். அதையும் விடுங்க. நான் அந்தப் பலகையை எல்லாம் கொடுத்துடலாம்னு சொன்னேனே, அது வரைக்கும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னீங்களே."

அவன் தலை குனிந்தான்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நான் அப்படி உடைஞ்சு போய் உட்காராம இருந்திருந்தா, பலகையைப் பத்திப் பேசாம இருந்திருந்தா, அவங்க பாட்டுக்குப் போயிருந்தா... சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ராத்திரியாவது சொல்லியிருப்பேன், நாளைக்காவது சொல்லியிருப்பேன். அவள் கண்ணைப் பார்த்தான்.

"தெரியலை" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய ஒரு கை லேசாக வழுக்கியது, மறுபடி அழுத்திப் பிடித்தான்.

"சரி" என்றாள். "கையை எடுத்துடாதீங்க."